‘முடியாது’ என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்

என்னிடம் வரும் மத உரிமை வழக்குகள் பல, அலுவலக மேசையிலேயே பாதி தோற்றுத்தான் வந்து சேர்கின்றன. பள்ளிவாசல் கட்ட அனுமதி கேட்ட ஜமாஅத் (முஸ்லிம் ஊர்ச்சபை) நிர்வாகிகள் ரெக்சின் பையைத் திறந்து பரப்புவார்கள்: பட்டா, வில்லங்கச் சான்று, வரைபடம், பழைய வரி ரசீதுகள். “எல்லாம் சரி பாய், மறுப்பு உத்தரவு எங்கே?” என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். “வாயால்தான் சொன்னார்கள் சார். அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு இருக்கிறதாம், கொஞ்ச நாள் போகட்டுமாம்.”

வழிபாட்டு இடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. கோவில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் இது பொது. ஆனால் அனுமதி கேட்டவருக்குக் காரணத்தோடு பதில் தரவேண்டியதும் அதிகாரியின் கடமை. வாய்ச்சொல்லை எதிர்த்து எந்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது? மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதிலே வராவிட்டால், குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடும்படி அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு தனிமனிதருக்கு வழிபாட்டுச் சுதந்திரம் தருகிறது. 26ஆவது பிரிவு, மதக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையைச் சமயப் பிரிவுகளுக்குத் தருகிறது. இரண்டுமே பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொது சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டவை. இந்தப் ‘பொது ஒழுங்கு’தான் அலுவலகங்களில் எல்லாப் பூட்டுக்கும் போடும் சாவி. தெருவில் நாலு பேர் முகம் சுளித்தால் பொது ஒழுங்கு குலைந்துவிடாது.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, முஸ்லிம்களுக்கு எதிராக முடிந்த ஒரு வழக்கு. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் முஸ்லிம்கள் அதிகம். இந்துக் கோவில் ஊர்வலங்களுக்கு அங்கே எதிர்ப்பு எழுந்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த எதிர்ப்பை ஏற்கவில்லை. ஓர் ஊரில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் மற்றவர்களின் ஊர்வலத்தைத் தடுக்கலாம் என்றால், நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர் எதையுமே நடத்த முடியாதே என்றது. தீர்ப்பு வந்தபோது சங்கடப்பட்ட நண்பர்கள் உண்டு. எனக்கோ, முஸ்லிம் தரப்புக்கு வாதாட இதைவிட நல்ல ஆயுதம் கிடைத்ததில்லை.

கட்டடத்தை இடிக்க வருகிறார்கள் என்றாலும் கேட்கவேண்டியது காகிதம்தான். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த வழிமுறைப்படி 15 நாள் நோட்டீசும் நேரடி விசாரணையும் கட்டாயம். சாலை, நடைபாதை போன்ற பொது இட ஆக்கிரமிப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதை மறைத்து வழக்குப் போட்டால் முதல் நாளிலேயே அடிபடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சில நிர்வாகிகளுக்குப் பிடிக்காது. அரசிடம் உரிமை கேட்கும் ஜமாஅத், தன் பெண்களுக்கும் அதைத் தரவேண்டும். காஜி (முஸ்லிம் சமயச் சட்ட அதிகாரி) தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், நீதிமன்றத்தில் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இலேயே இடைக்கால உத்தரவு போட்டது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு) ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஜமாஅத்தின் கடிதத்துக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. வக்கீலுக்குப் பணமில்லையே என்றும் தயங்கவேண்டாம்: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள்.