எஸ்எஸ்டி வாங்குமுன் மதர்போர்டைப் பாருங்கள்

சென்ற மாதம் ஒருவர், மகனுடைய கணினி திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது என்று சொல்லி, இணையத்தில் தாமே வாங்கிய எம்.2 எஸ்எஸ்டியை (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்) என் பழுதுபார்ப்புக் கடைக்குக் கொண்டுவந்தார். கணினியின் பாகங்களெல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகையான மதர்போர்டின் எம்.2 ஸ்லாட்டில் அது தடையின்றி உட்கார்ந்தது, திருகையும் முடுக்கியாயிற்று. ஆனால் கணினி தொடங்கும்போது பாகங்களைச் சரிபார்க்கும் பயோஸின் திரை அப்படியொரு டிஸ்க் இருப்பதாகவே காட்டவில்லை. கழற்றிப் பார்த்தபோது அதன் பொன்னிற முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தன. அது எம்.2 வடிவில் வரும் சாட்டா வகை, அதாவது ஹார்ட் டிஸ்க்குகளுக்கான பழைய இணைப்பு முறையில் இயங்குவது. அந்த ஸ்லாட்டோ அதைவிட வேகமான என்விஎம்இ வகையை மட்டுமே ஏற்பது.

எம்.2 என்பது வடிவத்தின் பெயரேயன்றி வேகத்தின் பெயரன்று. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அதே பலகையில் இரு வகைகளும் விற்கப்படுகின்றன. ஆகவே உங்கள் மதர்போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் கையேட்டில் அந்த ஸ்லாட் எந்த வகையை ஏற்கும் என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய கணினியானால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். அதில் குறையொன்றும் இல்லை.

சாட்டா வழியில் நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பிதான் கிடைக்கும், பிசிஐஇ 4.0 என்ற வேகமான இணைப்பில் இயங்கும் என்விஎம்இயில் 7000 எம்பி வரை கிடைக்குமே என்று பலர் கேட்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடி, சுழலும் தட்டின் மேல் முள் நகர வேண்டியிருப்பதால்தான் கணினி திணறுகிறது. எந்த எஸ்எஸ்டியிலும் அந்தத் தேடலே இல்லை. பிரவுசர், கணக்குக் கோப்பு, பிள்ளைகளின் பாடம் என்றிருக்கும் வீட்டில் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

எஸ்எஸ்டியில் தரவைச் சேமிக்கும் செல்கள் டிஎல்சி வகையா, கியூஎல்சி வகையா என்பதைத்தான் நான் கவனமாகப் பார்ப்பேன். ஒரு செல்லில் மூன்று பிட்டுக்குப் பதில் நான்கு பிட்டை அடைப்பதால் கியூஎல்சி மலிவாகிறது. ஆனால் திருமண வீடியோ போன்ற பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது, அதன் வேகம் சில மாடல்களில் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே போய்விடுகிறது. செல்கள் தேய்ந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு வீட்டில் அவ்வளவாக இடமில்லை: 600 டிபிடபிள்யூ (மொத்தம் 600 டிபி எழுதும் வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் தரும் அளவு) என்று குறிக்கப்பட்ட 1 டிபி டிஸ்க்கில் நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும், அந்த அளவை எட்ட 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். செல் வகையையும் டிபிடபிள்யூவையும் எங்கும் வெளியிடாத டிஸ்க்கை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

விலையைக் கண்டு மயங்குகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் வருந்துகிறது. 16 டிபி என்று அச்சிட்டு மிகக் குறைந்த விலைக்கு வந்த வெளிப்புற எஸ்எஸ்டி ஒன்றை வாடிக்கையாளர் முன்னிலையிலேயே பிரித்தேன். உள்ளே ஒரு சிறு சர்க்யூட் பலகையும், அதில் செருகிய மெமரி கார்டும் மட்டுமே இருந்தன. இத்தகைய போலிகள் கணினிக்குப் பொய்யான கொள்ளளவைக் காட்டி, உண்மையான இடம் நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதத் தொடங்குகின்றன. அவர் அதில் போட்டிருந்த குடும்பப் படங்களில் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

நல்ல எஸ்எஸ்டியும் ஒருநாள் முன்னறிவிப்பின்றி நின்றுபோகலாம். ஹார்ட் டிஸ்க்கைப் போல் அது சத்தம் எழுப்பி எச்சரிப்பதில்லை. மேலும் அழித்த கோப்புகளின் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் டிரிம் கட்டளை இயங்கும் டிஸ்க்கில் அவற்றை மீட்பது பெரும்பாலும் இயலாது. எனவே பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், அதைக் கழற்றியதும் ஒரு யுஎஸ்பி உறையில் போட்டுக் கொடுத்து, வாரம் ஒருமுறை முக்கியக் கோப்புகளை அதில் நகலெடுக்கச் சொல்லித்தான் வாடிக்கையாளர்களை அனுப்புகிறேன்.