நின்றுபோன ரைடுக்குத்தான் கெட்ட பெயர்

போன வாரம் ஒரு பார்க்கில் ரைடு ஒன்றின் கண்ட்ரோல் பேனலைத் திறந்தேன். உள்ளே விரல் நீளத்துக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டு ஒயர். இரண்டு முனையையும் சுரண்டி, ஒரு சென்சாரின் இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் சொருகி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். சீட்டில் உட்காருபவரின் மடிக்கு மேல் வரும் கம்பி பூட்டிக்கொண்டதா என்று பார்க்கிற சென்சார் அது. இந்த ஒயர் இருக்கிறவரை கம்பி பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் பேனலில் பச்சை விளக்குதான்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். கொஞ்சமும் ஒளிக்காமல் சொன்னார்: "சார், அது சும்மா சும்மா ட்ரிப் ஆகுது. சனி ஞாயிறுல ரைடு பாதியில நின்னா ஜனங்க வீடியோ எடுத்துப் போட்டுடறாங்க. மேல இருந்து கத்தறாங்க. நாங்க என்ன பண்றது?"

இந்த வருஷத்தில் நான் பார்க்கும் மூன்றாவது ஒயர் இது. மூன்றும் மூன்று வேறு இடங்கள். மூன்றிலும் சொன்ன காரணம் ஒன்றுதான்: பேர் கெட்டுவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராட்டினங்களையும் ரைடுகளையும் சோதித்துச் சான்று கொடுப்பது என் பிழைப்பு. பதினெட்டு வருஷம் ஆகிறது. இந்த வேலை என்றதும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. எங்கள் அபார்ட்மென்டில் மூன்றாவது மாடி அக்கா போன ஏப்ரலில் லிஃப்டில் வைத்துக் கேட்டார். "தம்பி, பசங்களுக்கு லீவு விட்டாச்சு. எந்த பார்க் சேஃப்? அந்த பார்க் வேண்டாம், போன மாசம் மேலயே நின்னுடுச்சாம். இது நல்லா இருக்காம், ஸ்டார் எல்லாம் நாலரை போட்டிருக்கு." அவர் சொன்ன நாலரை ஸ்டார் பார்க்கின் பேனலை நான் திறந்து பார்த்தவன். லிஃப்ட் நாலாவது மாடி போவதற்குள் என்ன சொல்ல முடியும்?

ஒரு ரைடு பாதியில் நிற்பது விபத்து அல்ல. பெரும்பாலும் அது விபத்து நடக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. சென்சார் ஏதோ சரியில்லை என்று நினைக்கிறது, நிறுத்துகிறது. அது நினைத்தது தப்பாகக்கூட இருக்கலாம். மழைத்தண்ணீர் பட்டிருக்கும், தூசி அடைத்திருக்கும், கேபிள் தளர்ந்திருக்கும். இருந்தாலும் சந்தேகம் வந்தால் நிற்க வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். வீட்டில் டிரிப்பர் விழுந்தால் கரண்ட் போய்விட்டதே என்று எரிச்சல் வரும், ஆனால் டிரிப்பரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேரடியாகக் கம்பி கொடுப்போமா? சரி, சில வீடுகளில் கொடுப்பார்கள். அந்த வீடுகளைப் பற்றி இங்கே பேசவில்லை.

மேலே நிற்கிற ரைடில் உங்கள் தோளையும் மடியையும் பிடித்திருக்கும் கம்பி கரண்ட் போனாலும் திறக்காது. கண்டதைப் படித்துவிட்டுத் தானாகவே விடுவித்துக்கொள்ளப் பார்க்கிறவர்களைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன்.

2025 மே மாதம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தது நினைவிருக்கும். ஒரு பார்க்கின் ரைடு உயரத்தில் நின்றுவிட்டது. குழந்தைகளும் பெரியவர்களுமாக முப்பது பேர் போல மேலே. தீயணைப்புத் துறையின் பெரிய ஏணி வண்டி வந்து இறக்க மணிக்கணக்கில் ஆயிற்று. டிவி முழுக்க அதுதான். எனக்கும் கோபம் வந்தது, ஆனால் ரைடு நின்றதற்காக அல்ல. நின்றால் ஆட்களை எப்படி இறக்குவது என்பதற்கு அந்த இடத்திலேயே ஆளும் கருவியும் ஒத்திகையும் இருக்க வேண்டும். ஏணி வண்டி வரும்வரை காத்திருப்பது திட்டம் ஆகாது. மறுநாள் என் வாட்ஸப்பில் வந்த அறுபது மெசேஜில் ஒன்றுகூட அதைக் கேட்கவில்லை. எல்லாமே "பாத்தீங்களா, எப்படி நின்னுடுச்சு!"

நிற்க வேண்டியதை நிற்கவிடாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்துக்கே தெரிந்த கதை இங்கிலாந்தில் இருக்கிறது. ஆல்டன் டவர்ஸ் அந்த நாட்டின் மிகப் பெயர்பெற்ற பார்க்குகளில் ஒன்று. 2013இல் ஸ்மைலர் என்று ஒரு ரோலர் கோஸ்டரைத் திறந்தார்கள். 14 தடவை தலைகீழாகப் புரட்டும், உலக சாதனை. 2015 ஜூன் 2 அன்று பகலில், ஆளில்லாத சோதனை வண்டி ஒன்று தண்டவாளத்தின் நடுவிலேயே நின்றுபோனது. அதற்குப் பின்னால் 16 பேரோடு அடுத்த வண்டி ஏறத் தொடங்கியது. கட்டுப்பாட்டு அமைப்பு சரியாகக் கண்டுபிடித்து அந்த வண்டியை நிறுத்திவிட்டது. அது செய்ய வேண்டியதை அப்படியே செய்தது. முன்னால் ஒரு வண்டி நிற்பது தெரியாத ஊழியர்கள், சிஸ்டம்தான் வீணாக நிறுத்துகிறது என்று நினைத்து அதை மீறி வண்டியை விட்டார்கள். வண்டி போய் நின்றுகொண்டிருந்ததில் மோதியது. இரண்டு இளம்பெண்களுக்கு ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. சிக்கியவர்களை மீட்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

விசாரணையில் தண்டவாளத்திலோ வண்டியிலோ கண்ட்ரோலிலோ எந்தப் பழுதும் இல்லை என்று வந்தது. எந்திரம் சரி. அதை நம்பாமல் போனதுதான் குற்றம். அந்தக் கோடையில் கூட்டம் விழுந்தது. அக்டோபரில் 190 வேலைகள் வரை குறைப்போம் என்று அறிவித்தார்கள். 2016 செப்டம்பரில் நடத்தும் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். நாலு நிமிஷம் வரிசையை நிறுத்தி, ஒரு ஆள் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால் கெட்ட பெயரே வந்திருக்காது. "இன்னைக்கு ஸ்மைலர் அரை மணி நேரம் ஓடல, வேஸ்ட்" என்று நாலு பேர் எழுதியிருப்பார்கள். அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 2022 மார்ச்சில் நடந்தது அந்த மஞ்சள் ஒயருக்கு இன்னும் நெருங்கிய சொந்தம். உயரத்திலிருந்து கீழே விடுகிற ரைடு. 14 வயதுப் பையன், நல்ல உயரம், பருமன். அந்த சீட்டுக்குச் சொன்ன எடை வரம்பைவிடக் கூடுதல் எடை. தோள் கம்பி உடம்போடு ஒட்டவில்லை, இடைவெளி இருந்தது. சென்சார் அதைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த சீட்டின் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள். அத்தனை இடைவெளி இருந்தும் பச்சை விளக்கு எரிந்தது. பையன் நழுவி விழுந்து இறந்துபோனான். அன்று காலைவரை அந்த ரைடு நல்ல பெயரோடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நம் ஊர் பார்க்குகளின் பெயர் எப்படி ஏறி இறங்கியது என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தபோது ஸ்கூல் டூர் என்றாலே அதுதான். விடியற்காலையில் பஸ், எலுமிச்சை சாதப் பொட்டலம், மாற்றுத்துணி நனையாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் பை. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் கட்டியது அது. திரும்பி வந்து ஒரு மாசம் வகுப்பில் அதே பேச்சு. கடற்கரைச் சாலையில் அசையாமல் நிற்கும் சிலை மனிதனைச் சிரிக்க வைக்கப் போன கூட்டம் இன்னொரு பக்கம். அப்புறம் 2000இல் கொச்சியில் வீகாலேண்ட், 2005இல் பெங்களூரில் வொண்டர்லா. ராத்திரி பஸ் பிடித்து அங்கே போய்விட்டு வந்தவர்கள் உள்ளூர் பார்க்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தார்கள். 2015 வெள்ளத்தில் கிஷ்கிந்தா அமைந்த வரதராஜபுரம் முழுக்கத் தண்ணீர். 2016 மேயில் கிஷ்கிந்தாவில் சோதனை ஓட்டத்தின்போது ஒரு ரைடு முறிந்து, அதில் ஏறியிருந்த ஊழியர்களில் ஒருவர் இறந்தார், பலருக்குக் காயம். (சோதனை ஓட்டத்துக்கு மணல் மூட்டை என்று ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கிற ஆபரேட்டர் தம்பிகளே, மேலே இருந்து யார் சொன்னாலும் முதல் ஓட்டத்தில் ஏறாதீர்கள். உங்கள் எடைக்கு இரண்டு மணல் மூட்டை போதும்.)

கூட்டம் குறைந்தால் ஒரு பார்க்குக்குள் என்ன நடக்கும் என்பது வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. முதலில் உதிரிபாகம் வாங்குவது தள்ளிப்போகும். இத்தாலியிலிருந்து வர வேண்டிய பேரிங்குக்கு பதில் லோக்கலில் கடைந்து போட்டுக்கொள்வார்கள். அடுத்து பத்து வருஷம் இருந்த மெக்கானிக் வேறு பார்க்குக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார். எந்த ரைடு எந்தச் சத்தம் போடும் என்பது அவர் தலைக்குள் இருந்தது, அதுவும் அவரோடு போய்விடும். கோடைக்கு மட்டும் வரும் பையனுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து பட்டனில் உட்கார வைப்பார்கள். பெயின்ட் செலவு மட்டும் எந்தக் காலத்திலும் குறையாது. பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் அந்தப் பெயின்டைச் சுரண்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் கூட்டம் நிறைந்த புது பார்க் பத்திரம் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதுவும் இல்லை. கூட்டம் நிறைந்த பார்க்கில் நிறுத்திப் பார்க்க நேரமே கிடைக்காது. வரிசையில் ஐந்நூறு பேர் விசில் அடிக்கும்போது "நிறுத்து, ஒருதடவை பார்க்கணும்" என்று சொல்ல ஒரு டெக்னீஷியனுக்கு நெஞ்சுரம் வேண்டும். அவர் சொன்னால் காது கொடுக்கிற மேனேஜர் வேண்டும். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்தபின் பழைய பார்க்குகளோடு ஒப்பிட்டு எனக்குத் தினமும் கேள்வி வருகிறது. என் பதில் எல்லாருக்கும் ஒன்றுதான். ரைடுகளுக்கென்று ஐஎஸ் 15475 என்று ஒரு இந்தியத் தரம் இருக்கிறது. பழையதோ புதியதோ, தினமும் காலையில் அதன்படி சோதித்து, கையெழுத்துப் போட்டு, ஆளில்லாமல் ஒருமுறை ஓட்டிவிட்டுத் திறக்கிற பார்க்குக்குப் போங்கள். அது ஸ்டாரில் தெரியாது.

ரிவ்யூ படிக்கிறவர்கள் வேறு மாதிரி படியுங்கள். சாப்பாடு விலை, பாத்ரூம் நாற்றம், வரிசையின் நீளம் எல்லாம் உங்கள் சௌகரியத்துக்கு. "ஆபரேட்டர் கம்பியை இழுத்துப் பார்க்கவே இல்லை", "பெல்ட் அறுந்திருந்தது, முடிச்சுப் போட்டுவிட்டார்" என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும் அதை மதியுங்கள். "உயரம் பத்தலன்னு என் பையனை ஏத்தல, ரொம்ப ரூட்" என்று ஒரு ஸ்டார் கொடுத்திருந்தால், அந்தப் பார்க்குக்குத் தாராளமாகப் போகலாம். அந்த ரூடான ஆளை எனக்குத் தெரியாது, ஆனால் டீ வாங்கிக் கொடுக்க ஆசை.

அங்கே போனபின் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஏறும் முன் ஒரு சுற்று நின்று பாருங்கள்: ஆபரேட்டர் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, போன் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்குகிறாரா? இரண்டாவது என்றால் வெளியே வந்துவிடுங்கள், டிக்கெட் காசு போனால் போகட்டும். துப்பட்டாவை இடுப்பில் கட்டுங்கள், முடியைக் கொண்டை போடுங்கள். கோ-கார்ட்டில் முடி சிக்கி உயிர் போன செய்தி இந்த நாட்டில் ஒன்றுக்கு மேல் வந்திருக்கிறது. போன், சாவி எல்லாம் லாக்கரில். முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள் போர்டைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். வயிறு இடிக்கிறது என்று கம்பியை ஒரு கிளிக் தளர்த்தச் சொல்லி ஆபரேட்டரிடம் கெஞ்சாதீர்கள். அந்தப் பையன் உங்களுக்குப் பாவம் பார்த்துவிடுவான்.

ரைடு நின்றால் கம்பியை விடாமல் உட்கார்ந்திருங்கள். நிற்கிறதே என்று வீடியோ எடுத்துப் போடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போடுங்கள். எத்தனை நிமிஷத்தில் வந்து பேசினார்கள், எப்படி இறக்கினார்கள், அடுத்த சுற்றுக்கு முன் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்தார்களா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். சரியாகச் செய்திருந்தால் ஐந்து ஸ்டார் கொடுங்கள். மஞ்சள் ஒயரை எடுத்து வீசுவதற்கு என் ரிப்போர்ட்டைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

கடைசியாக அம்மாக்களிடம் ஒரு கெஞ்சல். உயரக் கோட்டின் முன்னால் குழந்தையை நுனிக்காலில் நிற்க வைப்பது, ஷூவுக்குள் கர்ச்சீப் மடித்து வைப்பது, உச்சியில் கொண்டை போட்டு இரண்டு அங்குலம் சேர்ப்பது எல்லாம் நான் பார்த்தாயிற்று. அந்தக் கோடு தைரியத்தை அளக்கவில்லை. அந்தக் கம்பிக்குக் கீழே அந்த உடம்பு தங்குமா என்று அளக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் நிற்க வைத்து பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பார்க்கின் வெப்சைட்டில் உயரம் போட்டிருப்பார்கள். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், அடுத்த லீவுக்கு இதில் ஏறலாம் என்று. ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு கேட்டில் வைத்துச் சொன்னால் குழந்தையும் அழும், ஆபரேட்டரும் திட்டு வாங்குவான்.