போக்சோ: தலைமை ஆசிரியரிடம் சொன்னால் மட்டும் போதாது

18 வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் இழைக்கப்பட்டது தெரியவந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தாலோ, அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு இதைச் சொல்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள இந்தக் கடமை எல்லோருக்கும் பொதுவானது என்றாலும், குழந்தை முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ விடுதிக் காப்பாளரிடமோதான்.

பள்ளிகளில் நடப்பது வேறு. வகுப்பாசிரியர் தலைமை ஆசிரியரிடம் சொல்கிறார். அவர் தாளாளரிடம் சொல்கிறார். "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நாமே விசாரிப்போம்" என்று முடிவாகிறது. சட்டம் இதை ஏற்பதில்லை. சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தகவல் போனால்தான் கடமை முடிகிறது. குற்றம் நடந்ததா என்று விசாரிப்பது காவல்துறையின் வேலை. பள்ளி விசாரித்துக்கொண்டிருக்கும் நாள்களில் குழந்தைதான் மிரட்டப்படுகிறது, தடயமும் அழிகிறது.

மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சொல்லாமல் இருந்த குழந்தைக்கு இந்தத் தண்டனை கிடையாது.

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், பள்ளி விடுதி மாணவிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று வழக்குப் பதிவானது. அவர்மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது. மிகச் சரியான தீர்ப்பு.

"சந்தேகம் பொய்யாகிவிட்டால்?" என்ற பயம் பலருக்கு உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது. அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ மிரட்டவோ பொய்ப் புகார் கொடுப்பவருக்குத்தான் தண்டனை.

காவல் நிலையத்தில் நேரில் சொல்லலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். காவலர்கள் தகவலுக்குப் பதிவு எண் இட்டு, எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் அவர்கள் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயரை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்கூடப் பகிராதீர்கள்.