எஸ்எஸ்டிக்குத் ‘திட நிலை இயக்கி’ பொருந்துமா?

விளையாட்டு வழங்கிக்கு (கேம் சர்வருக்கு) எந்தச் சேமிப்புக் கருவியை வாங்கலாம் என்று விளக்கும் தமிழ்க் குறிப்புகள் பலவற்றில், எஸ்எஸ்டி (சாலிட் ஸ்டேட் டிரைவ்) என்பதைத் ‘திட நிலை இயக்கி’ என்றே எழுதுகிறார்கள். சிலர் ‘திட நிலை வன்தட்டு’ என்கிறார்கள். இரண்டும் தவறு, முதலாவது பெருந்தவறு.

ஹார்டு டிஸ்க்குக்கு வன்தட்டு நல்ல சொல். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 உலோகத் தட்டுகள் சுழன்றன; பின்னாளில் நெகிழ்தட்டு (ஃபிளாப்பி) வந்தபோது, அதனின்று பிரித்துக் காட்ட ‘ஹார்டு’ என்ற அடைமொழி நிலைத்தது. எஸ்எஸ்டிக்குள்ளோ தட்டே கிடையாது, ஃபிளாஷ் சில்லுகள்தாம் (சிப்) உள்ளன.

‘இயக்கி’ இன்னும் மோசம். டிரைவ் என்பது தட்டைச் சுழற்றும் பொறியமைப்பைக் குறித்து வந்த பெயர். சுழல ஒன்றும் இல்லாத கருவியில் எது எதை இயக்குகிறது? தமிழ்க் கணிமையிலோ அச்சுப்பொறிக்கும் வரைகலை அட்டைக்கும் நிறுவும் டிரைவர் மென்பொருளுக்கு இயக்கி என்ற பெயர் எப்போதோ வழங்கத் தொடங்கிவிட்டது. ‘இயக்கியை மாற்றுங்கள்’ என்று ஒரு வரியும் ‘இயக்கியைப் புதுப்பியுங்கள்’ என்று அடுத்த வரியும் வந்தால், முன்னதற்குத் திருப்புளியும் பணமும் வேண்டும், பின்னதற்குப் பதிவிறக்கம் போதும் என்பதைப் படிப்பவர் எப்படி அறிவார்? ‘திட நிலை’யும் தெளிவாக இல்லை. வெற்றிடக் குழல்களுக்கு மாற்றாக வந்த குறைகடத்திக் கருவிகளைச் சுட்டப் பிறந்த அந்த ஆங்கிலத் தொடர், தமிழில் ‘உறுதியான நிலை’ என்றே காதில் விழுகிறது.

வாங்குபவரின் முடிவே தட்டுக்கும் சில்லுக்கும் உள்ள இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. மைன்கிராஃப்ட் விளையாட்டு தன் உலகை, பக்கத்துக்கு 32 நிலத்துண்டுகள் (சங்க்) கொண்ட சதுர வட்டாரங்களாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்புகளில் வைக்கிறது. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் ஓடும்போது, வன்தட்டில் தரவைப் படிக்கும் முனை கோப்புக்குக் கோப்பு தாவ வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிநொடி ஆவதால், வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரவே சராசரியாக 4 மில்லிநொடிக்கு மேல் காத்திருக்க நேரிடும். தாவலும் சுழற்சியும் இல்லாத கருவியில் இந்தக் காத்திருப்பு இல்லை. இதைச் சொல்ல வேண்டிய பெயரே தட்டையும் இயக்கத்தையும் நினைவூட்டலாமா?

பாடநூல் நடை வேண்டுவோர் ‘திண்மநிலைச் சேமிப்பகம்’ என்று எழுதட்டும். என் தேர்வு ‘சில்லுச் சேமிப்பகம்’. ரேமும் சில்லுதானே என்பார்கள். அதற்கு நினைவகம் என்ற தனிப்பெயர் இருப்பதால் குழப்பம் வராது.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்போரின் பழக்கம் இதோடு நிற்கவில்லை. ஒரே பணிக்கென ஒதுக்கிய கணினியை, அதாவது டெடிகேட்டட் சர்வரை, ‘அர்ப்பணிக்கப்பட்ட சேவையகம்’ என்கிறார்கள். கோயிலுக்கு மணியை அர்ப்பணிக்கலாம், விளையாட்டுக்குக் கணினியை ஒதுக்கத்தான் முடியும். தனி வழங்கி என்றாலே போதும். ‘தனி வழங்கியின் உலகக் கோப்புகளைச் சில்லுச் சேமிப்பகத்திலும், காப்புப்படிகளை விலை குறைந்த வன்தட்டிலும் வையுங்கள்’ என்று எழுதினால், கடைக்குப் போகிறவருக்கு எதை வாங்குவதென்று தெரிந்துவிடும்.