மலைப்பாதை விபத்து: காரணம் சரியாகப் பதிவானால்தான் வளைவு சரியாகும்

நீலகிரியில் மசினகுடியையும் உதகை அருகே தலைக்குந்தாவையும் இணைக்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து வெளியூர் வண்டிகள் ஏறி வரலாம். தலைக்குந்தாவிலிருந்து இறங்கத் தடை. ஒரே சாலைக்கு ஏன் இரண்டு விதி? இறக்கத்தில்தான் பிரேக் கைவிடுகிறது. இரண்டாவது கியருக்கு வராமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் முதலில் லைனிங் கருகும் வாடை வரும், பிறகு பெடல் பஞ்சாக அமுங்கும். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் இழுத்துப் பழசானால் 140 டிகிரியை ஒட்டியே கொதிக்கலாம். காரணம் தெரிந்ததால் வந்த விதி இது.

ஆனால் எஃப்.ஐ.ஆரில் பெரும்பாலும் "அதிவேகம், அஜாக்கிரதை" என்றுதான் இருக்கும். குற்றம் யாருடையது என்று பார்க்கும் ஆவணம் அது. சாலையின் வளைவு, தடுப்புச்சுவர், பனிமூட்டம், வண்டியின் நிலை ஆகியவற்றைக் கேட்பது இ-டார் என்ற மத்திய அரசின் மின்னணு விபத்துப் பதிவு. போலீஸ் தொடங்கிவைக்க, மோட்டார் வாகன ஆய்வாளரும் நெடுஞ்சாலைத் துறையும் மருத்துவமனையும் தங்கள் பகுதியை நிரப்புகிறார்கள். பனிமூட்டம் என்று பதிவானால் ரிஃப்ளெக்டரும் ஓரக்கோடும் கேட்கலாம். வெறும் அதிவேகம் என்றால் ஒரு எச்சரிக்கைப் பலகையோடு முடிந்துவிடும்.

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் 3 ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள் இருந்தால் அது 'பிளாக் ஸ்பாட்', அதாவது விபத்து அதிகம் நடக்கும் இடம். மலைக்கு இந்த அளவுகோல் போதாது என்பதே எங்கள் கருத்து. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் இறந்தார்கள். அந்த ஒரு விபத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு நிறைவதில்லை. சுவரில் உரசி, அங்கேயே பேசி முடித்துக்கொள்ளும் சிறு விபத்துகளோ கணக்கிலேயே வராது. அடுத்த பெரிய விபத்து எங்கே என்பதை முன்கூட்டிச் சொல்வது அவைதான்.

அதனால் உங்கள் ஊர் வளைவில் அடிக்கடி வண்டி முட்டினால், உதகை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். "ஆபத்தான வளைவு" என்று மட்டும் எழுதாதீர்கள். வளைவின் எண், கிலோமீட்டர் கல், ஏற்றமா இறக்கமா, மணி, மழையா பனியா, சுவர் எத்தனை அடிக்கு உடைந்திருக்கிறது என்பதெல்லாம் வேண்டும். பகலில் ஒரு படம், இரவில் ஒரு படம் வையுங்கள். சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரம் தவறி மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான ஒப்பந்ததாரர் உள்ளிட்டோருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவையும் எழுதி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.