கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர்

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை, கல்லூரி மாணவர் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டே என் அறைக்குள் வந்தார். கைகளை ஊன்றி மெல்ல இறங்கியவர், கடைசி அரையடியில் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். தொடைகள் இரண்டும் கல்லாக இறுகி வீங்கியிருந்தன. "சனிக்கிழமை கராத்தே வகுப்பில் முந்நூறு பஸ்கி எடுத்தேன், டாக்டர். வலி பழகியதுதான். ஆனால் காலையிலிருந்து சிறுநீர் கடுங்காப்பி மாதிரிப் போகிறது" என்றார். தேர்வுக்காக இரண்டு மாதம் பயிற்சியை விட்டிருந்து, திரும்பிப் போன முதல் நாள் அது.

சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டை, ரத்தம் இருப்பதாகக் காட்டியது. நுண்ணோக்கியில் ஒரு சிவப்பணுகூடத் தென்படவில்லை. அப்போதே புரிந்துவிட்டது: சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் கசிந்து சிறுநீரகத்துக்கு வந்துகொண்டிருக்கிறது; அதைத்தான் பட்டை ரத்தமென்று காட்டியிருக்கிறது. ராப்டோமயோலைசிஸ் என்பார்கள். ரத்தத்தில் 200ஐ ஒட்டி இருக்க வேண்டிய சி.பி.கே. (தசை சிதைந்தால் கசியும் நொதி) அளவு, அவருக்கு 40,000ஐத் தாண்டியிருந்தது. முற்றினால் சிறுநீரகம் செயலிழக்கும். பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். போதாக்குறைக்கு, வலி தாங்காமல் டைக்ளோபினாக் மாத்திரை வேறு விழுங்கியிருந்தார். திணறும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அது மேலும் குறைக்கும். ஐந்து நாள் சலைன் ஏற்றினோம். டயாலிசிஸ் வரை போகாமல் தப்பினார்.

பழகிய உடம்புக்கு இது வராது என்று நம்புகிறோம். ஆனால் 2011 ஜனவரியில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 13 பேர் இதே நோயோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மூன்று வார விடுமுறை முடிந்து வந்ததும், தோளில் பாரத்தோடு நூறு முறை உட்கார்ந்து எழுந்தவர்கள் அவர்கள்.

நானும் இருபது ஆண்டாக நெடுந்தூரம் ஓடுகிறவன். காய்ச்சலில் ஒரு மாதம் படுத்து எழுந்த கையோடு, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியை ஓடியே இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் தசை அதிகம் கிழிகிறது. பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறதே! பஸ்கியில் கீழே போகும்போதும் இதேதான் நடக்கிறது. மூன்று நாள் படியிறங்க முடியவில்லை. சிறுநீர் தெளிவாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

இடைவெளிக்குப் பிறகு வருகிற பிள்ளையைப் பழைய எண்ணிக்கைக்கு விரட்டாதீர்கள் என்று ஆசான்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். தண்டனையாகப் பஸ்கி கொடுக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். வலி வழக்கத்தைவிட மிஞ்சினாலோ, தசை வீங்கித் தளர்ந்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் சி.பி.கே.யையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

அந்த மாணவரிடம் ஒரு நோட்டு வாங்கி, பயிற்சியை அன்றன்று எழுதச் சொன்னேன். ஏழு வாரம் கழித்துக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில், "பஸ்கி 15. தூக்கம் 7 மணி நேரம். சிறுநீர் வெளிர்மஞ்சள்." அடியில் அவருடைய மாஸ்டரின் கையெழுத்தும் இருந்தது.