நாக்கை இழுத்துப் பிடிக்கும் ஒயின்

கொட்டைப்பாக்கை மென்றாலோ வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தாலோ நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு, யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். அதற்குத் துவர்ப்பு என்று பெயரிட்டு அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம். பிரெஞ்சு சிவப்பு ஒயின்களில் ஏன் இத்தனை வகை, எதற்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று கேட்டுக்கொண்டே போனால், பெரும்பாலும் இந்தத் துவர்ப்பில்தான் வந்து நிற்போம்.

கறுப்புத் திராட்சையைப் பிழிந்து பாருங்கள். பெரும்பாலான வகைகளில் சாறு ஏறக்குறைய நிறமில்லாமல்தான் வரும். சிவப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. அதனால்தான் சிவப்பு ஒயினுக்குச் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். சில நாட்களில் ஆந்தோசயனின் என்ற நிறமி இறங்குகிறது. கூடவே தோலிலும் விதையிலும் உள்ள டானின்களும், அதாவது துவர்ப்பைத் தரும் பொருட்களும், இறங்கிவிடுகின்றன.

நம் உமிழ்நீரில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் உண்டு. வாய்க்குள் இருக்கும் வழுவழுப்பில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது. டானின் அவற்றைப் பற்றிக்கொண்டதும், பால் திரிவதுபோல் அவை திரிந்துபோகின்றன. வழுவழுப்பு குறைந்து நாக்கு மேலண்ணத்தில் உரசுகிறது. அந்த உரசல்தான் துவர்ப்பு. இது நாக்கின் சுவையைவிடத் தொடு உணர்ச்சிக்கே நெருக்கமானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கட்டன் சாயாவில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதும் இதே கணக்குதான்: பாலிலுள்ள கேசீன் புரதம் முந்திக்கொண்டு டானினைப் பிடித்துவிடுகிறது.

சரி, இப்போது பிரான்ஸின் ஒயின் வட்டாரமான போர்தோவுக்குப் போவோம். ஜிரோந்த் முகத்துவாரத்தின் இடது கரையில் இருக்கும் மெதோக் பகுதி கூழாங்கல் நிலம். தண்ணீர் தேங்காது, சீக்கிரம் சூடேறும். தாமதமாகப் பழுக்கும் கேபர்நே சோவின்யோனுக்கு அந்த வெப்பம் வேண்டும். இந்தத் திராட்சையின் மணி சிறியது, தோல் தடித்தது. சாற்றோடு ஒப்பிட்டால் தோலும் விதையும் அதிகம், ஆகவே டானினும் அதிகம். வலது கரைப் பக்கத்தில், பொம்ரோலின் குளிர்ந்த களிமண்ணில், முன்னதாகவே பழுக்கும் மெர்லோ நன்றாக வருகிறது. அதன் ஒயின் இன்னும் மென்மையானது.

மெதோக்கில் இருக்கும் பொயாக் ஊர், இளம் ஆட்டுக்கறிக்கும் பெயர் பெற்றது. அந்தக் கறியும் அந்த ஒயினும் சேர்வது வெறும் பழக்கம் மட்டும் அல்ல. துவர்ப்பை மிடறு மிடறாகக் குடித்தால் அது வாயில் ஏறிக்கொண்டே போகும் என்றும், இடையிடையே கொழுப்புள்ள இறைச்சியைத் தின்றால் இரண்டும் ஒன்றையொன்று அடக்கும் என்றும் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின் என்று மாறி மாறிச் சாப்பிடுவதில் எனக்கு இதைவிட அழகான விளக்கம் தெரியாது.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் தென்மேற்கே மதிரானுக்குப் போக வேண்டும். அங்கே விளையும் தனா திராட்சை டானினுக்கே பேர்போனது. அதைப் பழக்குவதற்காக 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒயின் தயாரித்துவந்த பத்ரிக் துகூர்னோ, ஒயினுக்குள் ஆக்சிஜனை நுண்குமிழ்களாகச் செலுத்தும் முறையை உருவாக்கினார். ஆனால் வாத்தை அதன் கொழுப்பிலேயே வேகவைக்கும் அந்த வட்டாரச் சமையலுக்கு முன்னால் தனாவின் முரட்டுத்தனம் தானாகவே அடங்குகிறது.

கிழக்குப் பிரான்ஸில் இருக்கும் பர்கண்டியின் பினோ ந்வார் திராட்சைக்குத் தோல் மெல்லியது. நிறம் வெளிறியது, துவர்ப்பும் மென்மையானது. கோழி, காளான் போன்றவற்றோடு இணங்கிப் போகும். பர்கண்டியின் பிரபு ஃபிலிப் 1395இல் காமே திராட்சையைப் பிடுங்கி எறியச் சொன்னார். அந்தக் காமே தெற்கே போஜொலேயில் நிலைத்துவிட்டது. அங்கே குலையோடு பழத்தைத் தொட்டியில் போட்டு, கார்பன் டை ஆக்சைடு நிறைந்த சூழலில் முழு மணிக்குள்ளேயே நொதித்தல் தொடங்கும்படி செய்கிறார்கள். டானின் குறைவாகவே இறங்குகிறது, பழ வாசம் தூக்கலாக நிற்கிறது.

வடக்கு ரோன் பள்ளத்தாக்கின் சிரா திராட்சை ஒயினில் மிளகு மணக்கிறது என்பார்கள். அது வெறும் உவமை அல்ல. ரொட்டண்டோன் என்ற மூலக்கூறு மிளகிலும் இருக்கிறது, சிராவிலும் இருக்கிறது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். மிளகு தூவிய கறி அதோடு பொருந்துவதில் வியப்பில்லை.

மீனோடு மட்டும் கவனம் தேவை. சிவப்பு ஒயின் குடித்தபின் எழும் மீன் கவிச்சிக்கு ஒயினில் உள்ள இரும்புச்சத்துதான் முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள்.

அப்புறம் மிளகாய்க் காரம். வாயில் சூட்டை உணரும் அதே ஏற்பியைத்தான் காரமும் தூண்டுகிறது. ஆல்கஹால் அந்த ஏற்பியை இன்னும் கூர்மையாக்குகிறது. எனவே காரமான குழம்புக்குக் கனத்த மதிரான் வேண்டாம். லேசாகக் குளிரவைத்த போஜொலே போதும்.